எந்தச் சன்னம்? மான் வேட்டைக்குப் போகிறவருக்கும் அந்த இறைச்சியைச் சமைக்கிறவருக்கும்



நோர்வேயில் வேட்டைக்காலம் நெருங்க நெருங்க எங்கள் நிலையத்துக்கு இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. ஒன்று தம்பிமாரிடம் இருந்து வருவது: "அண்ணை, வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணியாச்சு, றைபிளும் வாங்கியாச்சு. கடையில் நாற்பது வகைத் தோட்டா அடுக்கி வைத்திருக்கிறான், எதை வாங்குவது?" மற்றது அக்காமாரிடம் இருந்து. சென்ற மாதம் ஒரு அக்கா இப்படிக் கேட்டார்: "வேலையிடத்தில் ஒரு நோர்வேக்காரர் எல்க் இறைச்சியை அரைத்து இரண்டு பை தந்தார். மகளுக்கு இது ஆறாம் மாதம். சமைத்துக் கொடுக்கலாமோ?"

இரண்டும் சம்பந்தம் இல்லாத கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் அக்காவின் கேள்விக்கு விடை, அந்த நோர்வேக்காரர் கடையில் எந்தப் பெட்டியை எடுத்தார் என்பதில்தான் இருக்கிறது. ஆகவே இன்றைய உரையில் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். நான் 2009இல் வேட்டைப் பரீட்சை எழுதி, அதன் பின்னர் மேற்குக் கரையில் ஒரு வேட்டைக் குழுவோடு போய்வருகிறவன். இந்த விடயத்தில் ஓரளவு அனுபவம் உண்டு.

சன்னம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எம்மவரில் பலருக்கு ஞாபகம் வருவது வேட்டை அல்ல. அதனால் இதை வானொலியில் பேசத்தான் வேண்டுமா என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் தயங்கினார். தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தங்கள் கூட்டாளிகளோடு காட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் வாய் மூடி இருந்தால் அவர்கள் கடைக்காரன் காட்டியதைத்தான் வாங்குவார்கள்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். பித்தளைக் கோது, அதன் அடியில் பற்றவைக்கும் மூடி, உள்ளே வெடிமருந்து, நுனியில் சன்னம். இவை எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. குழாயை விட்டுப் பறந்து போய் விலங்கில் படுவது சன்னம் மட்டுமே. கடையில் பலர் ".308 தாருங்கள்", "6.5 தாருங்கள்" என்று கேட்பார்கள். அது தோட்டாவின் அளவு, சன்னத்தின் வகை அல்ல. ஒரே .308 அளவில் முயலுக்கும் எல்க்குக்கும் பொருந்தாத சன்னமும் உண்டு, இலக்குப் பலகைக்கு மட்டும் ஏற்ற சன்னமும் உண்டு. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதைவிடச் சின்ன எழுத்தில் இருப்பதுதான் முக்கியம்.

இனி ஒரு வினோதமான வரலாறு. போரில் பயன்படும் சன்னம் முழுவதும் செம்பு உறையால் மூடப்பட்டிருக்கும். உடலில் பட்டு விரியும் சன்னங்களைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று 1899ஆம் ஆண்டு ஹேக் நகரில் நாடுகள் ஒரு பிரகடனம் செய்தன. அப்படி விரியும் சன்னத்துக்கு 'டம்டம்' என்று பெயர் வந்தது, கல்கத்தாவுக்கு அருகே டம் டம் என்ற இடத்தில் இருந்த பிரித்தானிய ஆயுதத் தொழிற்சாலையில் அது செய்யப்பட்டதால். இன்று கல்கத்தா விமான நிலையம் இருப்பதும் அங்கேதான். ஆனால் மான் வேட்டைச் சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது: விரியும் சன்னம்தான் வேண்டும், முழு உறைச் சன்னம் கூடாது. எனது பயிற்சி வகுப்பில் ஆசிரியர் இதைச் சொன்னபோது வகுப்பில் இருந்த மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நான் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டு இருந்தேன்.

காரணம் எளியது. முழு உறைச் சன்னம் மானின் உடலில் பென்சில் அளவு ஓட்டையைப் போட்டுக்கொண்டு மறுபுறம் போய்விடக்கூடும். மான் ஓடிவிடும். எங்கோ பற்றைக்குள் கிடந்து பல மணி நேரம், சிலவேளை நாட்கணக்கில், துடித்துச் சாகும். அதனால் முழு உறைச் சன்னம் மனிதருக்கு இரக்கமானது என்று அர்த்தமில்லை. அதை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மான் எப்படிச் சாகிறது என்பதை விளங்கிக்கொண்டால் சன்னத் தெரிவு பாதி முடிந்தது. நாங்கள் குறிபார்ப்பது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக் கூட்டுக்கு. அங்கே இதயமும் இரண்டு நுரையீரல்களும் உள்ளன. சன்னம் அவற்றைக் கிழித்ததும் இரத்த அழுத்தம் விழுகிறது, மூளைக்கு ஒட்சிசன் போவது நிற்கிறது, விலங்கு விழுகிறது. நல்ல வெடி பட்ட எல்க் கூடச் சில பத்து மீற்றர் நடந்துவிட்டுத்தான் விழும். இதற்கு சன்னம் இரண்டு வேலை செய்யவேண்டும். ஒன்று, உள்ளே போனதும் காளான் போல விரிந்து அகலமான பாதையை வெட்டவேண்டும். இரண்டு, விரிந்த பிறகும் சிதறாமல் ஆழமாகப் போகவேண்டும், முடிந்தால் மறுபுறம் வெளியே வரவேண்டும். இரண்டு ஓட்டை இருந்தால் இரத்தச் சுவடு நன்றாக விழும், தேடும் நாய்க்கும் வேலை இலகு.

சிக்கல் என்னவென்றால் இந்த இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. மெதுவான சன்னம் சீக்கிரம் விரியும், ஆனால் உடைந்துபோகும். கடினமான சன்னம் ஆழம் போகும், ஆனால் விரியத் தயங்கும். கடந்த நூறு வருடச் சன்னத் தொழில் முழுவதும் இந்த இழுபறிதான்.

பழைய வகை, இன்றும் மலிவானது, மென்முனைச் சன்னம். செம்பு உறைக்குள் ஈயம், நுனியில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். சின்ன மானுக்கு நன்றாக வேலை செய்யும். பெரிய விலங்கின் தோள் எலும்பில் கிட்டத்தில் இருந்து பட்டால் உறை வேறாக ஈயம் வேறாகப் பிரிந்துவிடக்கூடும். 1946இல் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பெரிய எல்க்கைச் சுட்டபோது இதுதான் நடந்தது. சன்னம் மேலேயே சிதறிவிட்டது. அவர் ஊர் திரும்பி, சன்னத்தின் நடுவே செம்பிலேயே ஒரு தடுப்புச் சுவர் வைத்துப் புதிய சன்னம் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி கட்டியாகப் போகும். 'பார்ட்டிஷன்' என்ற அந்தச் சன்னம் இன்றும் விற்பனையாகிறது.

அடுத்த வகை, ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டிய சன்னம். பிணைத்த சன்னம் என்று சொல்லலாம். இங்கே கடைகளில் அதிகம் காணப்படும் நோர்மா நிறுவனத்தின் 'ஓரிக்ஸ்' இந்த வகை. நோர்மா சுவீடன் நிறுவனம் என்றாலும் 1902இல் அதைத் தொடங்கியவர்கள் நோர்வேச் சகோதரர்கள். இங்குள்ள பெரியவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லுவார்கள். பிணைத்த சன்னம் விரிந்த பிறகும் தன் எடையில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளும்.

மூன்றாவது வகையில் ஈயமே இல்லை. முழுவதும் செம்பு, நுனியில் ஒரு குழி. பட்டதும் அந்தக் குழி பிளந்து இதழ் இதழாக மலரும். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் பார்ன்ஸ் நிறுவனம் இதைப் பிரபலப்படுத்தியது. பின்லாந்தின் லாபுவா நிறுவனத்தின் 'நச்சுராலிஸ்' இங்கே இலகுவாகக் கிடைக்கும். எடை அநேகமாக முழுவதும் அப்படியே இருக்கும்.

இப்போது எந்த மானுக்கு எது என்று பார்ப்போம். இங்குள்ள றோடீர் மான் இருபது, முப்பது கிலோ. எங்கள் ஊர்ச் செம்மறியைவிடப் பெரிதல்ல. யோர்ட் எனப்படும் செம்மானில் ஆண் நூறு கிலோவைத் தாண்டும். எல்க் கிடாவோ நானூறு கிலோவையும் தாண்டும். வன்னியில் மரை பார்த்தவர்கள் அதைவிடப் பெரிய ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்க்குக்கு ஏற்ற தடித்த, பாரமான சன்னத்தால் றோடீரைச் சுட்டால் அந்த மெல்லிய உடலில் சன்னம் விரிய முன்னரே வெளியே போய்விடலாம். றோடீருக்கென்ற மெல்லிய, வேகமான சன்னத்தால் எல்க்கின் தோளில் சுட்டால் மேல்காயம்தான் மிஞ்சும். இதில் இரண்டாவதே பெரிய பாவம்.

சட்டம் இதற்குச் சக்தியின் கணக்கில் ஒரு கோடு போட்டது. நான் பரீட்சைக்குப் படித்த விதி இது: எல்க், செம்மான், பனிமான் ஆகியவற்றுக்கு சன்னம் குறைந்தது 9 கிராம் இருக்கவேண்டும். 9 முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீற்றர் தூரத்தில் 2700 யூல் சக்தி வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 யூல் போதும். றோடீருக்கு 980 யூல். விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவன, ஆகவே வாங்கமுன் அந்த ஆண்டுக்கான விதியைப் பாருங்கள். ஆனால் அதன் பின்னால் உள்ள கணக்கு மாறாது. சன்னத்தின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் சக்தி. பத்தாம் வகுப்பில் படித்ததுதான்.

உதாரணமாக 6.5×55. நோர்வேயும் சுவீடனும் 1890களில் சேர்ந்து உருவாக்கிய தோட்டா, இன்றும் இங்கே பல வீடுகளில் தாத்தாவின் றைபிளாக இருக்கிறது. தம்பிமாருக்கு மலிவாகக் கைக்கு வருவதும் அதுதான். அதில் 140 கிறெயின், அதாவது 9.1 கிராம் சன்னம் போட்டால் 2700 யூலுக்கு 100 மீற்றரில் செக்கனுக்கு ஏறக்குறைய 770 மீற்றர் வேகம் வேண்டும். அந்தத் தோட்டாவுக்கு அது கடினம். 156 கிறெயின், 10.1 கிராம் போட்டால் 660 மீற்றர் வேகமே போதும், அது இலகுவாகக் கிடைக்கும். எடையில் ஒரு கிராம்தான் வித்தியாசம். அதனால்தான் இங்குள்ள 6.5 தோட்டாப் பெட்டிகளில் 156 என்ற எண் அடிக்கடி தெரிகிறது. கிறெயினைக் கிராமாக மாற்ற 15.4ஆல் பிரியுங்கள்.

இதுவரை வேட்டைக்காரரின் பக்கம். இனி அக்காவின் பக்கம்.

ஈயச் சன்னம் மானின் உடலில் விரியும்போது அதில் இருந்து துகள்கள் பிரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத, பல்லில் கடிபடாத துகள்கள். அந்த இறைச்சியை எக்ஸ்றே எடுத்தால் காயப்பாதையைச் சுற்றிப் பனித்தூறல் போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். எம்மவர்களில் கனபேர் தங்கள் சொந்த உடம்பின் எக்ஸ்றேயில் இப்படிப் புள்ளிகளைப் பார்த்தவர்கள்தான். 2008இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், வேட்டைக்காரர்கள் வறியவர்களுக்கான உணவு நிலையங்களுக்குத் தானமாகக் கொடுத்த அரைத்த மான் இறைச்சியில் இந்தத் துகள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த இறைச்சியை வழங்கவேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் திணைக்களம் கூறியது. நல்ல மனதோடு கொடுத்த இறைச்சிதான் அது.

நோர்வேயிலேயே 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஈயச் சன்னத்தால் சுடப்பட்ட எல்க்கின் அரைத்த இறைச்சி 52 மாதிரிகளைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 81இல் ஈயம் இருந்தது. சராசரி கிலோவுக்கு 5.6 மில்லிகிராம். மாட்டிறைச்சிக்கு ஐரோப்பா அனுமதித்த எல்லை கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாப் பையிலும் இவ்வளவு இல்லை. சிலவற்றில் ஒன்றும் இல்லை, சிலவற்றில் மிக அதிகம். எந்தப் பை எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதுதான் தொல்லை.

ஈயம் வளர்ந்தவரின் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் சிறுபிள்ளைக்கும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதற்குக் கீழே ஆபத்தில்லை என்று ஒரு அளவைக் காட்ட முடியாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010இல் சொல்லிவிட்டது. ஜேர்மனியின் இடர்மதிப்பீட்டு நிறுவனமும் கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்கள், சிறு பிள்ளைகள் ஆகியோர் ஈயச் சன்னத்தால் சுட்ட விலங்கின் இறைச்சியைத் தவிர்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

ஆகவே அக்காவுக்கு என் மறுமொழி: தந்தவரிடம் கேளுங்கள். இங்கே அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. "ப்லீஃப்ரி" என்று ஒரு சொல், ஈயமற்றது என்று பொருள். அவர் ஆம் என்றால் மகள் தாராளமாகச் சாப்பிடலாம், நல்ல இறைச்சி, கொழுப்புக் குறைவு, இரும்புச் சத்து அதிகம். இல்லை என்றால், அல்லது அவருக்கே தெரியாவிட்டால், அரைத்த பையை மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுக்கவேண்டாம். காயத்துக்குத் தூரமான பின்தொடைத் துண்டு அரைத்ததைவிடப் பரவாயில்லை, ஏனென்றால் அரைக்கும்போதுதான் காயத்தைச் சுற்றிய துண்டுகள் எல்லாம் கலக்கின்றன. கர்ப்பிணிக்கு அதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து.

எங்கள் சமையலுக்கென்றே ஒரு விடயம் இருக்கிறது. காட்டிறைச்சியின் வெடுக்குப் போகவேண்டும் என்று நாங்கள் தேசிக்காய்ப்புளி, வினாகிரி எல்லாம் விட்டு ஊறவைப்போம். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். ஸ்பெயினில் 2007இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஈயக் குண்டு உள்ள காடை இறைச்சியை வினாகிரியில் சமைத்தபோது கூடுதலான ஈயம் இறைச்சிக்குள் இறங்கியதைக் காட்டினார்கள். கரையாத துகளாக இருந்தது கரைந்து, உடம்பு இலகுவாக உறிஞ்சும் வடிவத்துக்கு வருகிறது. ஈயமற்ற இறைச்சி என்றால் தாராளமாகப் புளி விடுங்கள். எல்க்குக்கு யாழ்ப்பாணத்துக் கறித்தூள் பொருந்துவது போல வேறெதுவும் பொருந்தாது என்று என் குழுவில் உள்ள நோர்வேக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

"ஊரில் இடியன் துவக்கால் ஈயக் குண்டு அடித்து, மரைவத்தல் போட்டுச் சாப்பிட்டோம், எங்களுக்கு என்ன வந்தது?" என்று சில ஐயாமார் கேட்பார்கள். இடியனில் இருந்து போகும் குண்டு மெதுவாகப் போவது. றைபிள் சன்னம் ஒலியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தில் போய்ச் சிதறுவது. இரண்டையும் ஒப்பிடமுடியாது. மேலும் ஊரில் யாரும் இரத்தத்தில் ஈயம் அளந்து பார்க்கவில்லை.

நோர்வேயின் உணவுப் பாதுகாப்புக்கான அறிவியல் குழு 2013இல் இதை ஆராய்ந்தது. காயத்தைச் சுற்றி எவ்வளவு வெட்டி எறிந்தால் ஈயம் முழுவதும் போகும் என்று திட்டமாகச் சொல்லமுடியாது, சிதறல் குறைந்த சன்னமோ ஈயமற்ற சன்னமோ ஒரு வழி என்றது. டென்மார்க் 2024 ஏப்ரல் 1 முதல் வேட்டைச் சன்னத்தில் ஈயத்தையே தடைசெய்துவிட்டது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயம் இல்லை, அங்கே காரணம் மனிதரல்ல, காட்டில் விட்ட குடலைத் தின்று செத்துக்கொண்டிருந்த கொண்டோர்க் கழுகுகள்.

எனவே தம்பிமாருக்கு நான் சொல்வது: வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால், அல்லது இறைச்சியை நாலு பேருக்குப் பகிர்ந்து கொடுக்கிறவராக இருந்தால், எம்மவர்கள் எல்லோரும் அப்படித்தான், செம்புச் சன்னத்தை வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் ஒரு பெட்டியில் 20 தோட்டா, ஒரு பருவத்தில் விலங்கின் மீது நீங்கள் செலவழிப்பது இரண்டோ மூன்றோ. ஒரு பெட்டி விலையைப் பிறந்தநாள் விழா மண்டப வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செம்பின் குறைகளையும் சொல்லவேண்டும். செம்பு ஈயத்தைவிட இலேசானது, ஆகவே அதே எடைக்குச் சன்னம் நீளமாகும். எல்லாப் பழைய றைபிளும் நீளச் சன்னத்தை நேராக அனுப்பாது. 6.5 வைத்திருப்பவர்களுக்கு நான் முன்னர் சொன்ன எடைக் கணக்கும் சேர்ந்து இடிக்கும். .308, .30-06 வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு, 150 கிறெயின் செம்பு நன்றாகப் போதும். செம்பு விரிய வேகம் வேண்டும். வேகம் செக்கனுக்கு 600 மீற்றருக்குக் கீழே விழும் தூரத்தில் பலவகைச் செம்புச் சன்னங்கள் சரியாக மலராது. காட்டுக்குள் ஐம்பது, நூறு மீற்றரில் சுடுகிறவருக்கு இது பிரச்சினை இல்லை. மாலையில் வயலின் அந்தக் கரையில் நிற்கும் செம்மானைத் தூரத்தில் இருந்து சுட நினைப்பவர் யோசிக்கவேண்டும், கிட்டப் போகவேண்டும். இன்னொன்று, செம்பு சிதறாததால் அநேகமாக மறுபுறம் வெளியே வரும். தாய் எல்க்கின் பின்னால் கன்று நிற்கிறதா என்று பார்க்காமல் விசையைத் தொடக்கூடாது.

செம்பு உங்கள் றைபிளுக்கு ஒத்துவரவில்லை என்றால் பிணைத்த சன்னம் இரண்டாவது தெரிவு. அப்போது காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், இரத்தம் கட்டிய இறைச்சி ஒன்றையும் அரைக்கப் போடவேண்டாம், நாய்க்கும் போடவேண்டாம். மலிவு மென்முனைச் சன்னத்தை எல்க்குக்குக் கொண்டுபோவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

எதை வாங்கினாலும் முதலில் ஒரு பெட்டி மட்டும் வாங்கிச் சுடுதளத்தில் பாருங்கள். ஒவ்வொரு றைபிளுக்கும் ஒரு விருப்பு வெறுப்பு உண்டு. ஒரே ஆலையில் செய்த இரண்டு றைபிள் ஒரே தோட்டாவை வெவ்வேறு இடத்தில் போடும். சன்னத்தை மாற்றினால் தொலைநோக்கியை மீண்டும் சரிசெய்தே ஆகவேண்டும். மலிவுத் தோட்டாவால் பழகிவிட்டு, வேட்டை நாளன்று விலை கூடிய தோட்டாவைப் போட்டால் வெடி ஒரு சாண் தள்ளி விழலாம். வருடாந்தச் சுடும் பரீட்சையில் 100 மீற்றரில் ஐந்து வெடியும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஐந்தையும் வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவால் சுடுங்கள். ஓகஸ்ட் மாதத்திலேயே போய்விடுங்கள், செப்டெம்பரில் சுடுதளத்தில் இடம் கிடைக்காது.